ரெக்சின் போர்த்திய மூன்று தட்டிகள்

இன்று மதியம் பழைய தலையணை ஒன்றைத் தேடிப் பரணில் ஏறினேன். கைக்குத் தட்டுப்பட்டது ரெக்சின் சுருள். சாக்லெட் நிறம், ஓரத்தில் நீ சாக்கட்டியால் போட்ட கோடு அப்படியே இருந்தது. வெயில் சூட்டில் வாசனை குப்பென்று கிளம்பியது. புது பஸ் சீட்டின் வாசனை, நீ வேலை பார்த்த சோபாக் கடையின் வாசனை. தலையணையை மறந்துவிட்டு ஸ்டூல் மேலேயே நின்றுவிட்டேன். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "எறங்குறியா, இல்ல அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா" என்று கேட்டார்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முந்தின நான்கு மாதம் நான் உன்னோடு பேசவில்லை. நான் பாடிப் பதிவு செய்கிற அறையை நீ வேண்டுமென்றே கெடுத்துவிட்டாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உன் சாவுக்கு வந்தபோதும் அந்த நம்பிக்கையோடுதான் வந்தேன். இதை வேறு யாரிடமாவது சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று அதிலும் ஒரு சந்தேகம். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

என் புத்தி உனக்குத் தெரியாததா. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பொங்கல் வந்தால், இவர்களுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டும் என்று யோசித்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். வீட்டுக்காரர் ஒரு நாள் தானாகப் பூ வாங்கி வந்தால் அன்று முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நகரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காலத்திலேயே நீ சொல்வாய், "உனக்கு எல்லாத்துலயும் டவுட்டுடி. வெளிய மழ பேயுதுன்னு வாத்தியார் சொன்னாக்கூட நீ எட்டிப் பாக்குற."

நாராயணவனத்தில் என் தங்கை மகள் கல்யாணம் நடந்ததே, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நலுங்குக்கும் ஊஞ்சலுக்கும் நான் பாடினேன். வீடியோ எடுக்க வந்தவர் நாயுடுபேட்டைக்காரர். வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புங்கள், நம்ம பக்கத்துத் தமிழ்க் கல்யாண வீடியோக்களுக்கு எல்லாம் உங்கள் குரலைத்தான் பின்னால் போடுவேன் என்றார். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் உட்கார்ந்து இருபது வருஷமாக அடுத்தவர் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டிருந்தவளிடம், முதல் தடவையாக ஒருத்தர் உன் குரல் வேண்டும் என்று கேட்டார். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கு மட்டும்தான் சொன்னேன்.

மைக் வாங்கினேன். திருப்பதி வீட்டில் எங்கள் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க நான்கு பாட்டுப் பாடி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. "வாய்ஸ் பாகுந்தி மேடம். ரூம்தான் பாகலேது. பாத்ரூம்ல பாடின மாதிரி கீது." குரல் நன்றாக இருக்கிறதாம், அறைதான் சரியில்லையாம். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. குரல் பிடிக்கவில்லை என்று சொல்லத் தைரியம் இல்லாமல் பாவம் அறையின் மேல் பழி போடுகிறார் என்று நினைத்தேன்.

ஆனால் கையைத் தட்டிப் பார்த்தால் அவர் சொன்னது பொய்யில்லை. பத்துக்குப் பத்து, சதுரமான அறை. வழவழவென்று டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர்கள், ஆளுயரக் கண்ணாடி, இரும்பு பீரோ. ஒரு தட்டுத் தட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம் சுவருக்குச் சுவர் ஓடிவிட்டுத்தான் அடங்கும். அடிக்குரலில் பாடினால் மூலையெல்லாம் கும்மென்று நிறைந்துகொள்ளும்.

சுவரில் ஒட்டினால் எதிரொலி அடங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு முட்டை அட்டைகளை வாங்கி வந்தேன். மாடிப்படி ஏறும்போது கீழ் வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் பார்த்துவிட்டார். வெங்காயம்கூடச் சாப்பிடாத மனிதர். "ஏமம்மா, மா இன்ட்லோ குட்லு தெஸ்துன்னாரா" என்று கேட்டார். அவர் வீட்டுக்குள் நான் முட்டை கொண்டுவருகிறேனாம். காலி அட்டை சார், சுவரில் ஒட்டுவதற்கு என்றேன். சுவரில் ஒட்டுவதற்கு யாராவது முட்டை அட்டை வாங்குவார்களா என்று அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, சந்தேகப்படுவதில் எனக்குச் சமமான ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அட்டைகளை ஒட்டியும் எதிரொலி அடங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். "இது இன்னாடி, கோழிப் பண்ணையா" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாய். பிறகு அறை நடுவில் என்னை நிறுத்தி, "தட்டு" என்றாய். தட்டினேன். "இன்னா கேக்குது, சொல்லு."

"உனுக்குக் கேக்கலையா?"

"பாடப் போறது நீ. நீ சொல்லு."

அதற்குப் பிறகு வந்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகளும் இதே கதைதான். உனக்கு என்ன கேட்டது என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குக் கேட்பதைச் சொல்லச் சொல்லி, தலையை ஆட்டிக்கொண்டு, வேலையைப் பார்ப்பாய். ஏதோ பரீட்சை வைக்கிறாய், நான் தப்பாகச் சொல்கிறேனா என்று பார்க்கிறாய் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வேலை மட்டும் சும்மா சொல்லக்கூடாது. நகரியில் உன் அண்ணனின் தறி ஷெட்டிலிருந்து கழிவு நூலை இரண்டு கோணிப்பையில் அடைத்து, புத்தூரில் பஸ் மாறித் தூக்கி வந்தாய். ரீப்பர் என்கிற மெல்லிய மரக்கட்டைகளை அறைந்து நாலடிக்கு இரண்டடி சட்டங்கள் செய்தாய். நூலைக் கெட்டியாகத் திணித்து, மேலே காடாத் துணியை இழுத்து ஆணி அடித்துத் தட்டிகளாக்கினாய். "செவுத்தோட ஒட்டி மாட்டாத. நாலு வெரல் எடம் வுடு. சத்தம் உள்ள பூந்து அங்கயே களச்சிப் போவணும்" என்றாய். நான் பாடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்க, நீ ஒரு சின்னக் கண்ணாடியைச் சுவரில் ஒட்டியபடி நகர்த்திக்கொண்டே போவாய். "மைக்கு தெரிதா? தெரிதா?" தெரிகிறது என்று நான் சொன்ன இடத்தில் பென்சிலால் குறி போடுவாய். என் வாயிலிருந்து போகிற சத்தம் அந்த இடத்தில் பட்டுத்தான் மைக்குக்குத் திரும்பி வருமாம். சோபா தைக்கிற உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். வீடியோ பார்த்தேன் என்றாய். எந்த வீடியோ என்று கேட்டு அதையும் போட்டுப் பார்த்தேன், நீ சொல்வது சரிதானா என்று. எழுத்தெல்லாம் திரையில் ஓடுகிற, பேச்சே இல்லாத வீடியோ.

பீரோவை மறக்கவே முடியாது. ஊஞ்சல் பாட்டில் நான் ஒரு இடத்தில் நீட்டி நிறுத்தும்போது எங்கிருந்தோ ஒரு கிர்ர் வரும். கன்னி மூலையிலிருந்து பீரோவை நகர்த்தக் கூடாது என்று வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று காவல் காத்தார். நீ பீரோக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைப் பாடச் சொன்னாய். "தோ, இந்தக் கதவு உன்கூடப் பாடுது" என்று சொல்லி, கதவு இடுக்கில் ஒரு துணிப்பட்டையைச் செருகினாய். சத்தம் நின்றுபோனது. காதால் தேட வேண்டியதை இவள் ஏன் கையால் தேடுகிறாள் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. நாடகம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டுத் தட்டிகளில் ஐந்துக்குக் காடாத் துணி போதுமாக இருந்தது. மீதி மூன்றுக்கு நீ கடையிலிருந்து ரெக்சின் கொண்டுவந்தாய். "பல்லி எச்சம் ஒட்டாது, ஈரத்துணியால தொடச்சா போதும்" என்றாய். பார்க்கவும் அழகாக இருந்தது. அழகாக இருக்கிறதே என்று அந்த மூன்றையும் மைக்குக்கு நேர் எதிரிலும் இரண்டு பக்கத்திலும் மாட்டினோம். கைதட்டினேன். 'டிங்' இல்லை. அடிக்குரலில் பாடினேன், கும்மென்ற சத்தமும் போயிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லா கீதுடி" என்றாய்.

அனுப்பிய பாட்டுகள் திரும்பி வந்தன. இந்த முறை வேறு குறை. "ரூம் ஓகே மேடம். கானி 'ஸ' வந்தா குத்துது." அறை சரியாம், ஆனால் 'ஸ' வந்தால் குத்துகிறதாம். கல்யாணப் பாட்டு ஒவ்வொன்றிலும் நாலு இடத்தில் ஸ்ரீனிவாசன் வருகிறார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டால், ஒவ்வொரு முறையும் ஊசியால் காதைக் குடைகிற மாதிரி ஒரு ஸ்ஸ். அன்று முழுக்கத் தேடிப் படித்தேன். ரெக்சின் மாதிரி வழவழப்பான மேல்தோல் இருந்தால், தடித்த கீழ்ச் சத்தம் உள்ளே போய்விடும், கூர்மையான மேல் சத்தம் பட்டுத் திரும்பிவிடும் என்று போட்டிருந்தது. அதாவது மைக்கைச் சுற்றி மூன்று பக்கமும் நீ மாட்டியது, ஸ்ஸ் சத்தத்துக்கு வெறும் சுவர்.

இருபது வருஷமாகத் துணியோடும் பஞ்சோடும் புழங்குகிற உனக்கு இது தெரியாதா என்று முதலில் கேட்டுக்கொண்டேன். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. என்ன கேட்கிறது என்று என் வாயைப் பிடுங்கியது, தன் அபிப்பிராயத்தை ஒருநாளும் சொல்லாதது, எதைப் பாடினாலும் நல்லா இருக்கிறது என்றது. பத்தாம் வகுப்பில் பாட்டுப் போட்டியில் உனக்குத்தான் முதல் பரிசு, நான் இரண்டாவது. பரீட்சை முடிந்ததும் உங்கள் நைனா உன்னைத் தறியில் நிறுத்திவிட்டார். கல்யாணமாகித் திருப்பதிக்கு வரும்வரை பதினோரு வருஷம் அந்த ஷெட்டில் நின்றாய். அதன் பிறகு நீ பாடி நான் கேட்டதில்லை. இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்து இப்போது காட்டுகிறாய் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கையில் ஒரு டப்பா நிறைய அதிரசத்தோடு வந்தாய். உட்காரக்கூடச் சொல்லாமல் பாட்டைப் போட்டேன். "'ஸ' வர்ற எடம் எப்டி கீது?"

"நல்லாத்தானடி கீது."

"உனுக்கு நெஜமாவே கேக்கலையா, இல்ல கேக்காத மாதிரி நடிக்கிறியா?"

நீ குனிந்து அதிரச டப்பாவை மேஜையில் வைத்தாய். முகத்தைத் திருப்பியதே சாட்சி என்று எடுத்துக்கொண்டேன். "நீ ஃபர்ஸ்ட்டு வந்தவ. தறில போய் நின்னுட்ட. நான் பாடுறது உனுக்குப் பொறுக்கல. அதான் ரெக்சினு" என்றேன். சொல்லும்போதே இது அதிகம் என்று தெரிந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன். நீ குடிக்கத் தண்ணீர் கேட்டாய். குடித்தாய். "போய்ட்டு வரேன்" என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுப் போனாய். அதிரச டப்பாவை நான் இரண்டு நாள் திறக்கவில்லை.

நீ எப்போதும் மெசேஜ்தான் அனுப்புவாய். போனில் பேச வராது உனக்கு. அந்த வாரம் மட்டும் மூன்று முறை அழைத்தாய். மூன்று முறையும் உன் பெயர் திரையில் மின்னி அணைவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஏதோ கதை சொல்லிச் சமாளிக்க வருகிறாள், எடுக்கக் கூடாது என்று நினைத்தேன். நான்காவது முறை நீ அழைக்கவில்லை. பார்த்தீர்களா, குற்றமுள்ள நெஞ்சு என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "ஒரு தரம் எடுத்துதான் கேளேன்" என்றார். அவரையும் நம்பவில்லை.

நான்கு மாதம் கழித்து உன் அண்ணன் போன் செய்தார். கடையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய் என்றார். உன்னை நகரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள், அங்கே வந்து பார்த்தேன். அழுதேன். அழும்போதும் அடிமனதில் அந்த ஸ்ஸ் சத்தம் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கருமாதி அன்று உன் மகள் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டாள். ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற பெண், நெற்றியில் அப்படியே உன் சுருக்கம். ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்தாள். உள்ளே மூன்று காடாத் துணி உறைகள், நாலடிக்கு இரண்டடி. ஓரம் மடித்து, கட்டுவதற்கு நாடா வைத்து, துவைத்து மாட்டிக்கொள்கிற மாதிரி தைத்திருந்தாய்.

"நீங்க சண்ட போட்டீங்களே பெரிம்மா, அன்னிக்கி வந்து, நீங்க போன்ல அனுப்பியிருந்த பாட்ட எனக்குப் போட்டுக் காட்டுச்சி. 'ஸ்ஸுன்னு குத்துதாடி'ன்னு கேட்டுச்சி. ஆமாம்மா, நல்லாவே குத்துதுன்னேன். அடுத்த நாளே துணி வாங்கியாந்து தச்சிக்கினு உக்காந்துச்சி."

"அவளுக்குக் கேக்கலையா?"

"அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேக்காது பெரிம்மா. கீழ்ச் சத்தம் கேக்கும். மேல, இந்த ஸ, ச, கொலுசு, குருவி எதுவும் கேக்காது. தறிச் சத்தத்துல காது போனதாம். சித்தூர்ல காட்டினோம். உங்க ஆஸ்பத்திரிக்கே போலாம்னு சொன்னேன், வரமாட்டேன்னுடுச்சி. 'அங்க அவ கவுண்டர்ல உக்காந்துக்கினு கீறா. எம்பேர அவளே எழுதணும். தெரிஞ்சா எங்கிட்ட பாடிக் காட்டமாட்டா'ன்னுச்சி."

இதைக் கேட்ட பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா. இந்தப் பெண் அம்மாவுக்காகப் பேசுகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். சித்தூர்ச் சீட்டைக் காட்டச் சொன்னேன். அவள் முகம் மாறியது, இருந்தாலும் எடுத்துவந்து கொடுத்தாள். தேதியைப் பார்த்தேன். நாம் முதல் தட்டி அறைவதற்கு இரண்டு வருஷம் முந்தின தேதி. கூடவே காதுப் பரிசோதனைப் படம் இருந்தது. படத்தின் இடது பக்கம், கீழ்ச் சத்தங்களில் ஒழுங்காகப் போகிற கோடு, வலது பக்கம் மேல் சத்தங்களுக்கு வந்ததும் கிணற்றில் விழுவதுபோலக் கீழே போயிருந்தது. அந்த மாதிரிப் படத்தை நான் வேலையில் தினமும் பார்க்கிறேன். காது மூக்குத் தொண்டைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்து, நகரியிலிருந்தும் ஏகாம்பரகுப்பத்திலிருந்தும் வருகிற தறிக்காரர்கள் எத்தனை பேருக்குச் சீட்டு எழுதியிருப்பேன். என் வாயைப் பார்த்துப் பேசுகிறவர்களைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து, குரலை உயர்த்திப் பேசுவேன். உன்னிடம் மட்டும் அது தோன்றவில்லை. உலகத்தில் எதையெல்லாமோ சந்தேகப்பட்டேன், சந்தேகப்பட வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்.

உன் மேல் கோபமும் வந்தது, மறைக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன அவ்வளவு கெட்டவளா. சொன்னால் பாடிக் காட்டமாட்டேன் என்று நீ நினைத்தது சரிதானா என்று பல நாள் யோசித்தேன். சரிதான். கேட்காதவள் நல்லா இருக்கிறது என்றால் அதற்கு என்ன மதிப்பு என்றுதான் நினைத்திருப்பேன். என்னை நீ சரியாகத்தான் கணித்திருந்தாய். என் குரலில் உனக்கு எட்டியது எவ்வளவோ, பாதியோ முக்காலோ, அதைக் கேட்பதற்காக வாரம் தவறாமல் வந்து சுத்தியல் பிடித்திருக்கிறாய்.

உறைகளை எடுத்துவந்து ஒரு மாதம் மாட்டாமல் வைத்திருந்தேன். பிறகு ஒரு மதியம் மூன்று தட்டிகளையும் இறக்கி, ரெக்சினை உரித்துச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, உன் உறைகளை மாட்டி நாடாவைக் கட்டினேன். ஒரு இடத்திலும் இழுக்கவில்லை, சுருங்கவில்லை. அளவு எடுக்க நீ என் வீட்டுக்கு வரவில்லை, ஞாபகத்திலிருந்தே வெட்டியிருக்கிறாய். பாடினேன். ஸ்ரீனிவாசன் மெத்தென்று வந்து இறங்கினார். நாயுடுபேட்டைக்காரர், "இப்ப சூப்பர் மேடம்" என்று பதில் போட்டார். சென்ற வாரம் யாரோ ஒருவரின் கல்யாண வீடியோவில் என் குரலைக் கேட்டேன். நான் ஆசைப்பட்டது அதுதான். கிடைத்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஐந்து நிமிஷம்.

உனக்குக் கேட்கவே கேட்காத ஒரு சத்தத்துக்கு, நான் திட்டியதை மட்டும் நம்பி, நீ உறை தைத்திருக்கிறாய். போனில் எதிர்முனையில் பேசுவது பாதிகூடப் புரியாத நீ, மூன்று முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். எனக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கிறது.

என் புத்தி மாறவில்லை, மாறும் என்றும் தோன்றவில்லை. நேற்றுகூட, அந்த நாயுடுபேட்டைக்காரர் பாட்டை வேறு யாருக்காவது கொடுத்திருப்பாரோ என்று அரை மணி நேரம் யோசித்தேன். ஒன்றே ஒன்றுதான் உன்னால் வந்தது. முன்பெல்லாம் தெரியாத எண் என்றால் தொடவே மாட்டேன். இப்போது எந்தப் போன் வந்தாலும், அடுப்பில் எது கொதித்தாலும், ஓடிப்போய் எடுத்துவிடுகிறேன். ரேணிகுண்டா பக்கத்தில் பிளாட் இருக்கிறது என்று தெலுங்கில் பேசுகிற பெண்கள், வேறு யாருக்கோ போட்டுவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள், எல்லாருக்கும் ஹலோ சொல்கிறேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார். முக்கால்வாசிப் பேருக்கு வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் எடுக்கிறேன். ஆனாலும் எடுத்துவிடுகிறேன்.